ரெக்டெஸ்டா, சிக்நெட்டா, டெஸ்ட்நெட்4-ஆ? கட்டளை வரியில் பிட்காயின் பழக எது தோது

பிட்காயின் கோர் மென்பொருளை நிறுவியதுமே சோதனைக்கென்று ரெக்டெஸ்ட், சிக்நெட், டெஸ்ட்நெட்4 போன்ற சில வலைப்பின்னல்கள் கைவசம் வந்துவிடுகின்றன. எல்லாவற்றிலும் அனுப்பும் கட்டளைகள் ஒன்றேதான். பரிவர்த்தனைகளைத் தொகுத்து வைக்கும் பிளாக்கை யார், எப்போது உண்டாக்குகிறார்கள் என்பதில்தான் வித்தியாசம். எதை எடுப்பது என்பதையும் அதை வைத்தே முடிவுசெய்ய வேண்டும்.

புதிதாகப் பழகுபவர் ரெக்டெஸ்டில் தொடங்குவதே சரி. அது முழுக்க உங்கள் கணினிக்குள் ஓடுவது, இணையம்கூடத் தேவையில்லை. நோடை, அதாவது வலைப்பின்னலில் சேரும் பிட்காயின் கோர் நிரலை, -ரெக்டெஸ்ட் சேர்த்து ஓட்டுங்கள். கிரியேட்வாலட் கொடுத்தால் வாலட், கெட்நியூஅட்ரஸ் கொடுத்தால் முகவரி. பிறகு அந்த முகவரிக்கு ஜெனரேட்டுஅட்ரஸ் 101 கொடுத்து, 101 பிளாக்குகளை உண்டாக்குங்கள். ஏன் 101? மைனிங் பரிசின் (பிளாக்கை உண்டாக்கியவருக்குக் கிடைக்கும் புதுக் காசின்) மேல் இன்னும் 100 பிளாக்குகள் ஏறினால்தான் அதைச் செலவழிக்க முடியும். ஆக, 101-ஆவது பிளாக் வந்ததும் முதல் பிளாக்கின் 50 பிட்காயின் மட்டும் கைக்கு வரும். இங்கே 150 பிளாக்குக்கு ஒருமுறை பரிசு பாதியாகும் என்பதால், கணக்கில்லாமல் மைன் செய்து கொண்டே போகாதீர்கள்.

அடுத்து சென்ட்டுஅட்ரஸ் கொடுத்தால், கட்டணத்தைக் கணிக்க முடியவில்லை என்று பிழை வரும். வாலட்டில் கோளாறு எதுவும் இல்லை. கணிப்பதற்குப் பழைய பரிவர்த்தனைகளே இல்லாததுதான் காரணம். கட்டமைப்புக் கோப்பில் ஃபால்பேக்ஃபீ=0.0002 என்று எழுதி நோடை மறுபடி தொடங்குங்கள். வாலட் தானாகத் திறக்காது, லோட்வாலட் கொடுக்க வேண்டும்.

பரிவர்த்தனையைக் கையால் கட்டிப் பார்ப்பதற்கும் ரெக்டெஸ்ட்தான் உகந்த இடம். 50 பிட்காயின் உள்ளீட்டை (செலவழிக்கும் காசை) எடுத்து, 1 பிட்காயினுக்கு மட்டும் வெளியீடு (பெறுபவருக்குப் போகும் பங்கு) எழுதினால், மீதி 49-ம் கட்டணமாகப் போய்விடும். மீதியை உங்களுக்கே திருப்பும் வெளியீட்டை நீங்கள்தான் எழுத வேண்டும். நல்லவேளையாக, ஆயிரம் வீபைட்டுக்கு (பரிவர்த்தனையின் அளவை எண்ணும் அலகு) 0.1 பிட்காயினைத் தாண்டும் கட்டணத்தை சென்ட்ராடிரான்சாக்‌ஷன் கட்டளை இயல்பாகவே மறுத்துவிடும். ஆனால் உள்ளீடு சிறியதாக இருந்தால் அந்த வரம்புக்குள் அடங்கி, சத்தமில்லாமல் போய்ச் சேரும். அனுப்புவதற்கு முன் டெஸ்ட்மெம்பூல்அக்செப்ட் கொடுத்து, அது காட்டும் கட்டணத்தைக் கண்ணால் பார்த்துவிடுங்கள்.

முன்பின் தெரியாத நோடுகள், காத்திருப்பு, ஃபாசெட்டிலிருந்து (சோதனைக் காசை இலவசமாகத் தரும் தளம்) வரும் காசு, இவையெல்லாம் ரெக்டெஸ்டில் கிடையாது. அதற்குச் சிக்நெட். 2021-இல் வெளிவந்த கோர் 0.21 பதிப்பிலிருந்து இருக்கிறது. குறிப்பிட்ட சாவிகளின் கையொப்பம் இருந்தால்தான் பிளாக் செல்லுபடியாகும் என்பதால், சுமார் 10 நிமிடத்துக்கு ஒன்று என்று ஒழுங்காக வரும். உங்களால் மைன் செய்ய முடியாது, ஃபாசெட்டில்தான் கேட்டு வாங்க வேண்டும். மற்றவர்களோடு சேர்ந்து செயலியைச் சோதிக்க இதைவிட நிம்மதியான இடம் இல்லை.

டெஸ்ட்நெட்4 கோர் 28 பதிப்பில் வந்தது. இதில் யார் வேண்டுமானாலும் மைன் செய்யலாம், அதனால் வேகம் சீராக இருக்காது. 20 நிமிடம் பிளாக் வராவிட்டால் கடினம் (பிளாக்கை உண்டாக்கத் தேவைப்படும் கணக்கீட்டின் அளவு) 1-க்கு இறங்கும் என்ற பழைய டெஸ்ட்நெட்3 விதி இங்கும் உண்டு. டெஸ்ட்நெட்3-இல், கடினத்தைத் திருத்தும் 2016 பிளாக் சுற்றின் கடைசி பிளாக் அப்படி எளிதாக அமைந்துவிட்டால், அடுத்த சுற்றின் கடினமே சரிந்து பிளாக்குகள் மழையாகக் கொட்டும். அந்த ஓட்டையைத்தான் டெஸ்ட்நெட்4 அடைத்தது. மைனிங் மென்பொருள் எழுதுபவருக்கும், செயலி நெருக்கடியைத் தாங்குமா என்று பார்ப்பவருக்கும் இது பொருந்தும். டெஸ்ட்நெட்3 பக்கம் புதிதாகப் போக வேண்டியதில்லை.

எதை எடுத்தாலும் -சிக்நெட் போன்ற கொடியை (வலைப்பின்னலைக் குறிக்கும் சொல்லை) ஒவ்வொரு கட்டளையிலும் சேர்க்க வேண்டும். விட்டுவிட்டால் கட்டளை 8332 போர்ட்டைத் தட்டும், அது முதன்மை வலைப்பின்னலின் வாசல். சிக்நெட்டுக்கு 38332, டெஸ்ட்நெட்4-க்கு 48332, ரெக்டெஸ்டுக்கு 18443. நிஜக் காசு இருக்கும் நோடு ஓடும் கணினியில் இந்தப் பழக்கமே வேண்டாம். சோதனைக்குத் தனிக் கணினி வைத்துக்கொள்ளுங்கள்.

சிக்நெட், டெஸ்ட்நெட் இரண்டின் முகவரிகளும் டிபி1 என்றே தொடங்கும். சிக்நெட் முகவரியை டெஸ்ட்நெட்4 ஃபாசெட்டில் ஒட்டினாலும் அது ஏற்றுக்கொள்ளும், சிக்நெட் வாலட்டில் மட்டும் எதுவும் வராது. காசு தொலையவில்லை. சிக்நெட்டில் லிஸ்ட்டிஸ்கிரிப்டர்ஸ் கொடுத்து வாலட்டின் டிஸ்கிரிப்டர்களை (முகவரிகளை உண்டாக்கும் விவரங்களை) ரகசியச் சாவிகளோடு எடுத்து, டெஸ்ட்நெட்4 நோடில் இம்போர்ட்டிஸ்கிரிப்டர்ஸ் வழியாக ஏற்றினால் தெரியும். ஆனால் ப்ரூன் செய்த (இடத்தை மிச்சப்படுத்தப் பழைய பிளாக்குகளை அழித்துவிடும்) நோடில் அந்தப் பழைய பிளாக்குகள் அழிந்திருந்தால், சங்கிலியை முதலிலிருந்து இறக்கித்தான் தேட வேண்டியிருக்கும்.