பி.ஒய்.1 மேடையா, பி.ஒய்.3 கடலடிக் கிணறா: நம்ம கடலுக்கு எது ஒத்துவரும்?

கடலூர் தேவனாம்பட்டினம் கரையில் நின்றால் எதுவும் கண்ணில் படாது. ஆனால் எண்ணெய், எரிவாயு எடுக்கும் இரண்டு வழிகளையும் நம்ம காவிரிப் படுகைக் கடலிலேயே செய்து பார்த்துவிட்டார்கள். பி.ஒய்.3 என்ற எண்ணெய் வயலில் 1997-ல் கிணற்றுத் தலைகளைக் கடல் தரையிலேயே வைத்து, மேலே டஹாரா என்ற மிதக்கும் உற்பத்தி நிலையத்தையும் பக்கத்தில் ஒரு டேங்கரையும் நிறுத்தி எண்ணெய் எடுத்தார்கள். இந்தியக் கடல் வயல்களில் இந்த முறை அதுதான் முதல். பி.ஒய்.1 என்ற எரிவாயு வயலில் கடல் தரையில் கால் ஊன்றிய மேடை கட்டி, 2009 நவம்பரில் எரிவாயு எடுக்க ஆரம்பித்தார்கள். அது குழாய் வழியாகப் பிள்ளைப்பெருமாநல்லூருக்குப் போனது.

ஏன் இப்படிப் பிரிந்தது? எரிவாயுவுக்குக் கரை வரை குழாய் போட்டே ஆக வேண்டும். எண்ணெய்க்கு அந்தக் கட்டாயம் இல்லை, டேங்கரில் ஏற்றிக் கொண்டுபோய்விடலாம். அதோடு பி.ஒய்.3 பகுதியில் ஆழம் 40 மீட்டரில் தொடங்கி 450 மீட்டர் வரை போகிறது. 450 மீட்டரில் கால் ஊன்றி மேடை கட்டுகிற செலவை ஒரு சின்ன வயல் தாங்காது. எண்ணெயும் 49 டிகிரி ஏ.பி.ஐ. (எண் கூடக்கூட எண்ணெய் லேசு என்று சொல்லும் அளவு), ரொம்ப லேசானது, குழாயில் சுலபமாக ஓடும்.

இதுவரை பார்த்தால் கடலடி முறைதான் லாபம் என்று தோன்றும். எனக்கும் ரொம்ப நாள் அப்படித்தான் தோன்றியது. ஒரு யார்டில் கடலடி கிறிஸ்துமஸ் ட்ரீயை, அதாவது கிணற்றுத் தலைமேல் உட்காரும் வால்வுத் தொகுப்பை, பக்கத்தில் நின்று பார்த்த பிறகுதான் மனசு மாறியது. மஞ்சள் பெயின்ட் அடித்த பெரிய இரும்புக் கூண்டு, துருப்பிடிக்காமல் இருக்க அங்கங்கே அனோடு கட்டிகள், முன்பக்கப் பலகையில் வரிசையாக வால்வுகள். அந்த வால்வுகளைத் திருப்பப்போவது மனிதக் கை இல்லை, ஆர்.ஓ.வி. என்ற, மேலிருந்து இயக்கும் ஆளில்லா நீர்மூழ்கியின் இயந்திரக் கை. மேலேயிருந்து ட்ரீயை இயக்கும் தொப்புள்கொடி மாதிரியான கேபிளுக்கு அம்பிலிக்கல் என்று பெயர்; பக்கத்தில் வெட்டிவைத்திருந்த அதன் துண்டுக்குள் ஹைட்ராலிக் குழாய்கள், மின்கம்பிகள், ரசாயனம் போகும் குழாய் எல்லாம் நெருக்கியடித்துக் கிடந்தன. இதில் ஒரு இழை பழுதானாலும் கீழே இருக்கிற வால்வு நம்ம பேச்சைக் கேட்காது.

மேடையில் கதை வேறு. ட்ரீ தண்ணிக்கு மேலே இருக்கிறது, ஆள் போய் வால்வைக் கையால் திருப்பலாம், கிணற்றுக்குள் மணலோ மெழுகோ அடைத்தால் ஒயர்லைன் (கருவியைக் கட்டி இறக்கும் கம்பி) இறக்கிச் சுத்தம் பண்ணலாம். அதே வேலையைக் கடலடியில் செய்ய ஒரு கப்பலையோ ரிக்கையோ (துளையிடும் மேடை) வாடகைக்குப் பிடித்து, அது வந்து சேரும் வரை காத்திருந்து, அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையில் கடல் கொந்தளித்தால் அதற்கும் காத்திருந்து, அதுவரை உற்பத்தி இல்லாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். சின்ன வயலுக்கு இந்தக் காத்திருப்பு பெரிய அடி.

புயல் விஷயத்தில் கடலடி கொஞ்சம் மேல். 2011 டிசம்பர் 30-ல் 'தானே' புயல் அடித்த மாதிரி அடித்தாலும் அலையின் வேகம் ஆழத்தில் கிடக்கும் ட்ரீ வரை போகாது. ஆனால் மேலே மிதப்பதும் அதைப் பிடித்து நிற்கும் நங்கூரச் சங்கிலியும் முழு அடியையும் வாங்கும். (தானே வந்தபோது பி.ஒய்.3-ல் உற்பத்தி இல்லை, அந்த ஜூலையிலேயே நின்றுவிட்டது.)

அப்புறம் வலை. கடலூர் முதுநகரில் விசைப்படகு வைத்திருக்கும் ஒரு அண்ணனிடம் இதைப் பேசியபோது அவர் கேட்டது ஒன்றுதான்: "மேடைன்னா ராத்திரி லைட்டு தெரியும், ஒதுங்கிப் போயிடுவோம். அடியில கெடக்குறது எங்களுக்கு எப்படித் தம்பி தெரியும்? மடி மாட்டுனா யாரு காசு தர்றது?" நியாயமான கேள்வி.

என் கணக்கு இதுதான். 100 மீட்டருக்குள் என்றால் கண்ணை மூடிக்கொண்டு மேடை. அதைத் தாண்டி ஆழம் சரிகிற இடத்தில் கடலடி ட்ரீதான் வழி, ஆனால் தூரம் ஒத்துவந்தால் வாடகை மிதவையை நம்பாமல் பக்கத்து மேடையோடு குழாயில் இணைக்க வேண்டும். ட்ரீ மேல் வலை மாட்டாத சரிவான கூடு போட வேண்டும். அது இருக்கும் இடத்தை, ஜூன் 14-ல் தடைக்காலம் முடிந்து படகுகள் கிளம்புவதற்கு முன்னாலேயே ஒவ்வொரு படகின் ஜி.பி.எஸ்.ஸிலும் ஏற்றிக் கொடுத்துவிட வேண்டும்.