பலகைகளைப் பக்கவாட்டில் ஒட்ட எந்த ரூட்டர் பிட்?

அகலமான மேசைப் பலகை வேண்டும், கையில் இருப்பதோ ஆறு அங்குலப் பலகைகள் என்றால் பக்கவாட்டில் ஒட்டுவதைத் தவிர வேறு வழியில்லை. ரூட்டர் (பிட் என்னும் வெட்டும் அலகை வேகமாகச் சுழற்றி மரத்தைச் சீவும் கருவி) வைத்திருப்பவர்கள் உடனே கேட்பது இதுதான்: பக்கத்தை நேராகச் சீவி அப்படியே ஒட்டினால் தாங்குமா, இல்லை அந்த நெளிநெளியான 'குளூ ஜாயின்ட்' பிட்டை வாங்கித்தான் ஆக வேண்டுமா? விற்பவர்கள் சொல்லும் காரணம் எப்போதும் ஒன்று: பசை பிடிக்கும் பரப்பு கூடுகிறது, அதனால் வலு கூடுகிறது. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் வலுவை மட்டும் பார்த்து பிட் வாங்கினால் காசுதான் வீண்.

பலகையின் நீளவாட்டில், நாரும் நாரும் பக்கம் பக்கமாகப் படுத்திருக்கும்படி ஒட்டினால், சாதாரண மரப்பசையே மரத்தைவிட இறுக்கமாகப் பிடிக்கும். சரியாக ஒட்டிய துண்டு ஒன்றைச் சுத்தியலால் அடித்து உடைத்துப் பாருங்கள். பிளவு பசைக்கோட்டை விட்டு விலகி, பக்கத்து மரத்தில் ஓடியிருக்கும். மரமே முதலில் உடையும்போது இணைப்பை இன்னும் வலுவாக்கி என்ன லாபம்? அமெரிக்காவில் மேடிசன் நகரிலுள்ள அரசு வன விளைபொருள் ஆய்வகத்தின் மரக் கையேடும் இதையேதான் சொல்கிறது. ஒரு பலகையின் பக்கத்தில் நீட்டிய நாக்கு மற்றதன் காடியில் நுழையும் நாக்கு-காடி போன்ற இணைப்புகளுக்குப் பரப்பு அதிகம் என்பது ஏட்டளவில் சரி. நடைமுறையில் இரண்டு பக்கமும் முழுக்கப் படியும்படி வெட்டுவது கடினம், அதனால் பசை உண்மையில் பிடிக்கும் பரப்பு தட்டை இணைப்பைவிடக் குறைந்துகூடப் போகலாம் என்கிறது. பசை காயும்வரை இறுக்கிப் பிடிக்கும் கிளாம்பில் பலகைகளைச் சீக்கிரம் வரிசைப்படுத்தலாம் என்பதுதான் அவற்றுக்கு அது தரும் நற்சான்று.

ஆகவே கேட்க வேண்டியது: எந்த பிட் பக்கத்தை நேராக்கும், எந்த பிட் கிளாம்ப் போடும்போது பலகைகளை ஒரே மட்டத்தில் நிறுத்தும்? இவை இரண்டும் வேறு வேறு வேலைகள்.

முதல் வேலைக்கு நேர் பிட். அரை அங்குலத் தண்டு, பலகையின் கனத்தைவிடச் சற்று நீளமான வெட்டுமுனை, அவ்வளவுதான். ரூட்டரைத் தலைகீழாகப் பொருத்திய ரூட்டர் டேபிளில் ஃபென்ஸ் (பலகையைச் சாய்த்துத் தள்ளும் வழிகாட்டிச் சட்டம்) இரண்டு பாகமாக இருந்தால், பலகை வெளியேறும் இடதுபக்கப் பாகத்தின் பின்னால் 1 மி.மீ. மைக்கா துண்டைச் செருகி முன்னால் தள்ளுங்கள். பிட்டின் வெட்டுமுனை அந்தப் பாகத்தின் முகத்தோடு சரியாக ஒரே கோட்டில் நிற்க வேண்டும். பலகையை வலமிருந்து இடமாகத் தள்ளினால் ஒவ்வொரு முறையும் 1 மி.மீ. சீவப்பட்டு, சீவிய பக்கம் இடது ஃபென்ஸில் சாய்ந்துகொண்டே நகரும். சின்ன ஜாயிண்டர் இயந்திரம் செய்யும் வேலையை இது செய்துவிடும்.

பிட் டேபிளுக்குத் துல்லியமாகச் செங்குத்தாக இல்லாவிட்டால்? அடுத்தடுத்து ஒட்டப்போகும் இரண்டு பக்கங்களில் ஒன்றை முகம் மேலே பார்க்கவும் மற்றதை முகம் கீழே பார்க்கவும் வைத்துத் தள்ளுங்கள். ஒன்று 91 பாகை என்றால் மற்றது 89 ஆகும், சேர்த்தால் 180. மேசை தட்டையாக வரும்.

பலகை ஃபென்ஸைப்போல இரண்டு மடங்குக்கு மேல் நீளம் என்றால் டேபிளில் மல்லுக்கட்டாதீர்கள். இரண்டு பலகைகளையும் தரையில் அசையாமல் பிடித்து, நடுவில் 10 மி.மீ. இடைவெளி விட்டு, 12 மி.மீ. பிட்டை அந்த இடைவெளியில் ஒரு நேர்ச்சட்டத்தை ஒட்டி ஓட்டுங்கள். இரண்டு பக்கமும் ஒரே ஓட்டத்தில் 1 மி.மீ. சீவப்படும். சட்டம் கொஞ்சம் வளைந்திருந்தாலும் கவலையில்லை: ஒரு பலகையில் மேடு விழும் இடத்தில் மற்றதில் அதே அளவு பள்ளம் விழும். ஒன்று மட்டும் கவனம். ஒரு பக்கத்தில் பிட் சுழலும் திசையும் ரூட்டர் நகரும் திசையும் ஒன்றாகிவிடுவதால் ரூட்டர் முன்னால் பாயப் பார்க்கும். ஆழமாக எடுக்காமல் சன்னமாகவே சீவுங்கள்.

நேர் பிட்டின் குறை கிளாம்பில்தான் தெரியும். ஈரப் பசை தடவிய இரண்டு தட்டைப் பரப்புகள் வழுக்கும். இறுக்க இறுக்க ஒரு பலகை மேலே ஏறும். பசையில் நாலைந்து உப்புக் கல் தூவுவார்கள் சிலர். அது வழுக்கலைத் தடுக்கும், வளைந்த பலகையை நிமிர்த்தாது. குறுக்கே மேலும் கீழும் கனத்த சட்டங்கள் வைத்துப் பிடித்தால் இரண்டும் அடங்கும். சட்டத்துக்குப் பாக்கிங் டேப் சுற்ற மறந்தால் அதுவும் மேசையோடு ஒட்டிக்கொள்ளும்.

இனி அந்த நெளி பிட். ஒரே பிட்தான், ஒரு பலகையை முகம் மேலாகவும் அடுத்ததை முகம் கீழாகவும் தள்ளினால் ஒன்றின் மேடு மற்றதன் பள்ளத்தில் போய் உட்காரும். உட்கார்ந்துவிட்டால் மேலும் கீழும் அசையாது. லேசாக வளைந்த பலகைகூட அண்டைப் பலகையின் மட்டத்துக்கு இழுபடும். கிளாம்ப் போடும் வேலை பாதியாகிவிடும். இதற்காக வாங்கினால் நல்ல பிட் என்றே சொல்வேன்.

ஆனால் அதை மட்டத்துக்குக் கொண்டுவருவது பொறுமையைச் சோதிக்கும். நெளியின் நடுப்புள்ளி பலகைக் கனத்தின் சரிபாதியில் நிற்க வேண்டும். ஒரே கனமுள்ள இரண்டு வேண்டாத துண்டுகளை வெட்டி, ஒன்றைப் புரட்டிச் சேர்த்து, இணைப்பின் மேல் விரல் நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் தட்டினால் எவ்வளவு படி இருக்கிறது என்று அளந்து, அதில் பாதியளவுதான் பிட்டின் உயரத்தை மாற்ற வேண்டும். ஒரு பலகையில் மேலே விலகிய அளவு புரட்டிய பலகையில் கீழே விலகுவதால், பிழை இரட்டிப்பாகித் தெரிகிறது. 1 மி.மீ. படி என்றால் திருகு அரை மி.மீ. மட்டுமே நகர வேண்டும். இது தெரியாதவர்கள் 1 மி.மீ. முழுதாக மாற்றி, எதிர்ப்பக்கம் அதே 1 மி.மீ. படி வந்து, மறுபடி திரும்பி, கால் பலகையைத் தூளாக்குவார்கள்.

எல்லாப் பலகையும் ஒரே கனத்தில் இழைத்திருக்க வேண்டும் என்பதும் இதனால்தான். ஒன்று 19, இன்னொன்று 19.5 மி.மீ. என்றால் அந்த வேறுபாடு இணைப்பில் படியாகத் தெரியும். பலகை ஓடும்போது டேபிளை விட்டுத் தூக்கினாலும் இதே கதி. மேலிருந்து அழுத்த ஃபெதர்போர்டு கட்டாயம்.

இந்த பிட் பக்கத்தை நேராக்கும் என்று நம்பி வாங்குபவர்களும் உண்டு. நெளி ஆகக் குறைவாக வெட்டும் இடம் பலகைப் பக்கத்தைத் தொட்டும் தொடாமலும் போகும்படிதான் வழக்கமாக ஃபென்ஸை வைப்போம். பலகை கோணியிருந்தால் நெளியும் கோணியே விழும். ஆகவே நேர் பிட்டாலோ இழைப்புளியாலோ பக்கத்தை முதலில் நேராக்கிவிட்டுத்தான் இதைத் தொட வேண்டும். நெளி பிட் வாங்கினால் நேர் பிட்டுக்கு வேலை போகாது என்பதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

நார் ஓட்டத்தில் இன்னொரு சிக்கல். நேர் பிட்டில் பலகையைப் புரட்டி, எந்த முனையை முதலில் அனுப்பினால் பிசிறு வராதோ அதை அனுப்பலாம். நெளி பிட்டில் எந்தப் பக்கம் முகம் மேலே, எந்தப் பக்கம் முகம் கீழே என்று மேசை முழுக்க ஒரே ஒழுங்கு இருக்க வேண்டும். ஒவ்வொரு பலகையின் இரண்டு பக்கமும் ஒரே முனை முன்னால் போகும்படிதான் வெட்டுப்படும். நார் சாய்ந்து ஓடும் பலகையில் ஒரு பக்கம் நாரோடு, மறுபக்கம் நாருக்கு எதிராக. எதிர்ப்பக்கத்தில் பிசிறு எழும். ஒரே மூச்சில் வெட்டாமல் இரண்டு மூன்று முறையாக எடுத்தால் குறையும்.

வேகமும் முக்கியம். 12 மி.மீ. நேர் பிட்டை நிமிடத்துக்கு 24,000 சுற்றில் ஓட்டினால் அதன் விளிம்பு விநாடிக்கு 15 மீட்டர் வேகத்தில் போகும். 45 மி.மீ. விட்டமுள்ள நெளி பிட்டை அதே சுற்றில் ஓட்டினால் 56 மீட்டர், அதாவது மணிக்கு 200 கி.மீ.க்கு மேல். 16,000 அல்லது அதற்குக் கீழே இறக்குங்கள். வேகத்தைக் குறைக்க முடியாத ரூட்டர் என்றால் இந்த பிட் வேண்டாம். கையில் பிடித்து ஓட்டவே கூடாது. கால் அங்குலத் தண்டு மட்டும் ஏற்கும் சின்னக் கை ரூட்டரான டிரிம்மரில் பேச்சுக்கே இடமில்லை.

முடிந்த மேசையின் முனையில் நெளிக்கோடு தெரியும் என்பதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. சிலருக்கு அது அழகு. எனக்கு உறுத்தும். சரிவாகச் சீவப்போகும் கதவுப் பலகை என்றால் இன்னும் மோசம்: சரிவு நெளியைக் குறுக்கே வெட்ட, நேராக வந்த இணைப்புக்கோடு அங்கே திடீரென ஒதுங்கி ஓடும்.

ஃபிங்கர் ஜாயின்ட் பிட்டைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அது பிறந்ததே குட்டைத் துண்டுகளை, கோத்த விரல்கள்போல, முனையோடு முனை சேர்த்து நீளமாக்க. நார் குறுக்கே வெட்டுப்பட்ட பலகை முனையில் பசை பிடிப்பு பலவீனம் என்பதால் அங்கே விரல்கள் உண்மையாகவே வலு சேர்க்கின்றன. பக்க இணைப்பில் அதே விரல்களுக்கு அந்த வேலை இல்லை. நாக்கு-காடி பிட் ஜோடி, பசையில்லாமல் பலகைகள் விரிந்து சுருங்க இடம் தரும் சுவர்ப்பலகைக்கும் தரைப்பலகைக்கும் ஏற்றது. மேசைக்குப் போட்டால் நாக்குக்காக ஒவ்வொரு பலகையிலும் கொஞ்சம் அகலத்தை இழக்கிறோம்.

நெளி பிட்டுக்கு உண்மையான போட்டி ஸ்லாட் கட்டர்தான். பக்கத்தில் ஒரு காடி மட்டும் எடுக்கும்; இரண்டு பலகையின் காடியிலும் சேர்த்து ப்ளைவுட் பட்டை ஒன்றைச் செருகுகிறோம். பலகையின் ஓரத்தை ஒட்டி உருளும் பேரிங் இருப்பதால் ரூட்டரைக் கையில் பிடித்தே ஓட்டலாம், எட்டடிப் பலகையை டேபிளுக்குத் தூக்க வேண்டாம். ரூட்டர் எப்போதும் பலகையின் நல்ல முகத்தின் மேலேயே உட்கார்ந்து ஓடுவதால், காடி நடுவில் விழவில்லை என்றாலும் பாதகமில்லை. எல்லாக் காடியும் மேல்முகத்திலிருந்து ஒரே ஆழத்தில் இருக்கும். கனம் முன்பின் இருந்தாலும் அந்த வேறுபாடு அடிப்பக்கத்துக்குப் போய்விடும். நெளி பிட் கேட்கும் அரை நாள் சரிபார்ப்பு இங்கே ஐந்து நிமிடம். ப்ளைவுட் பட்டைக்குப் பதில் பிஸ்கட் (முட்டை வடிவ மெல்லிய மரவில்லை) போடுவதும் இதே வழிதான். ஆனால் பிஸ்கட் பசையின் ஈரத்தில் உப்பும், அது காய்வதற்குள் மேசையைத் தேய்த்துவிட்டால் பிற்பாடு ஒவ்வொரு பிஸ்கட்டுக்கு மேலும் முட்டை வடிவில் பள்ளம் தெரியும்.

முதலில் வாங்க வேண்டியது நல்ல நேர் பிட். நாலடிக்குள் மேசை, ஐந்தாறு கிளாம்ப், குறுக்குச் சட்டம் இருந்தால் வேறெதுவும் தேவையில்லை. ஒரே கனத்தில் இழைத்த பலகைகளை ஒட்டி, ஒரே அளவில் வரிசையாக அலமாரித் தட்டுகள் செய்பவருக்கு மட்டும் நெளி பிட் காசைத் திருப்பித் தரும்; ஒருமுறை சரிபார்த்தால் நாள் முழுக்க ஓடும். நீளமான, லேசாக வளைந்த பலகைகளுக்கு ஸ்லாட் கட்டர். அதில் 6 மி.மீ. காடி எடுப்பதற்கு முன் ப்ளைவுட்டை அளந்துவிடுங்கள், 6 என்று விற்பது பல நேரம் ஐந்தரைதான் இருக்கும். காடியை இரண்டு முனையிலும் இரண்டு அங்குலம் முன்னாலேயே நிறுத்துங்கள், இல்லாவிட்டால் மேசையின் ஓரத்தில் ப்ளைவுட் தலைகாட்டும்.