தும்பிக் கட்டுரையை எங்கே அனுப்புவது? கோவை இதழ், ப்ளோஸ் ஒன், ஈலைஃப்

ஒரு கட்டுரையை ஒரே நேரத்தில் இரண்டு ஆய்விதழ்களுக்கு அனுப்பக் கூடாது. ஒன்று மறுத்த பிறகுதான் அடுத்ததற்குப் போகலாம். அதனால் முதலில் எந்தக் கதவைத் தட்டுகிறோம் என்பதிலேயே பல மாதங்கள் கூடலாம், குறையலாம். அப்படியிருந்தும், ‘இம்பாக்ட் ஃபேக்டர் எவ்வளவு?’ என்று, அதாவது இதழின் கட்டுரைகள் சராசரியாக எத்தனை முறை மேற்கோள் காட்டப்படுகின்றன என்ற எண்ணை மட்டும் கேட்டு மேலிருந்து கீழாக ஒவ்வோர் இதழாக முட்டிப் பார்க்கச் சொல்லும் நெறியாளர்கள் இன்னும் இருக்கிறார்கள். மாணவரின் காலம் அவர்களுக்கு இலவசம் போலும். கட்டுரையைப் படித்துத் தரம் சொல்லும் துறை வல்லுநரான மதிப்பீட்டாளரிடம் ஓர் இதழ் என்ன கேள்வி கேட்கிறது என்பதையே முதலில் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி.

ஓர் எடுத்துக்காட்டை வைத்துக்கொள்வோம். தமிழ்நாட்டின் ஓர் ஏரியில் இரண்டு ஆண்டுகள் மாதந்தோறும் தும்பிகளைக் கணக்கெடுத்த முனைவர் பட்ட ஆய்வாளர் ஒருவர். அவரிடம் இனப்பட்டியல், ஒளிப்படங்கள், நீரின் தன்மை பற்றிய அளவீடுகள், இவற்றை இணைக்கும் புள்ளியியல் எல்லாம் இருக்கின்றன. அவருக்கு முன்னால் மூன்று இதழ்கள்: கோவையிலிருந்து வரும் ‘ஜர்னல் ஆஃப் த்ரெட்டண்ட் டாக்ஸா’, அமெரிக்காவின் ‘ப்ளோஸ் ஒன்’, புதுப்பாதையில் போகும் ‘ஈலைஃப்’. மூன்றையும் யாரும் காசு கொடுக்காமல் வாசிக்கலாம். ஒற்றுமை ஏறக்குறைய அதோடு முடிகிறது.

கோவை இதழ் 2009இல் தொடங்கியது. மாதந்தோறும் 26ஆம் தேதி வெளிவருகிறது. முழு ஆய்வுக் கட்டுரைக்கு மட்டுமல்லாமல், குறுங்கட்டுரைக்கும் ‘குறிப்பு’ என்ற சிறு வடிவத்துக்கும் அங்கே இடம் உண்டு. ஓர் இனம் இதுவரை பதிவாகாத மாவட்டத்தில் கிடைத்தது என்ற ஒற்றைச் செய்தியை இரண்டு மூன்று பக்கங்களில் எழுதி அனுப்பலாம். இங்கே மதிப்பிட அமர்பவர் பெரும்பாலும் அந்த உயிரினக் குழுவையே ஆண்டுக்கணக்கில் பார்த்துவருபவர். அவருடைய முதல் கேள்வி, ‘இது அந்த இனம்தான் என்று எப்படிச் சொல்கிறீர்கள்?’ என்பதாகவே இருக்கும். ஊசித்தும்பிகளில் சில இனங்களை நிறத்தை வைத்துப் பிரிக்க முடியாது. ஆணின் வயிற்று நுனியில் இருக்கும் பற்றுறுப்புகளின் வடிவத்தைப் பார்த்தாக வேண்டும். ஆகவே தும்பி புல்நுனியில் அழகாக உட்கார்ந்திருக்கும் படம் அவருக்குப் போதாது. நுனியை அருகில் காட்டும் படம் வேண்டும், முடிந்தால் பாதுகாத்து வைத்த சான்று மாதிரியின் எண்ணும் வேண்டும். வரைவைத் தயாரிக்கும் உழைப்பில் பெரும்பங்கு இப்படிப் பல படங்களை ஒரே பக்கத்தில் அடுக்கும் படப் பலகைகளுக்கே போய்விடும்.

ப்ளோஸ் ஒன் 2006இல் வந்தபோது பலரும் புருவம் உயர்த்தியதற்குக் காரணம், முடிவு எவ்வளவு முக்கியமானது என்று அது கேட்க மறுத்ததுதான். முறை சரியா, தரவு முடிவைத் தாங்குகிறதா, எழுத்து புரிகிறதா என்று மட்டும் பார்க்கிறது. ‘உள்ளூர் ஏரிதானே, உலகுக்கு என்ன பயன்?’ என்று மறுப்பு வர வேண்டியதில்லை என்பது நம் ஊர் ஆய்வாளருக்கு நல்ல செய்தி. ஆனால் வெறும் இனப்பட்டியலோடு போய் நிற்க முடியாது. நீரின் தன்மைக்கும் தும்பி வகைகளின் எண்ணிக்கைக்கும் உள்ள தொடர்பை ஒரு கேள்வியாக வைத்து, புள்ளியியலால் பதில் சொல்லியிருக்க வேண்டும்.

அங்கே தயாரிப்பு வேலை வேறு மாதிரி. 2014 முதல், முடிவுகளுக்கு அடிப்படையான தரவு முழுவதையும் பொதுவில் வைக்கச் சொல்கிறார்கள். ‘கேட்டால் தருவோம்’ என்று ஒரு வரி எழுதி நழுவ முடியாது. சர்ன் ஆய்வகம் நடத்தும் ஸெனோடோ தரவுக் களஞ்சியத்தில் இலவசமாக ஏற்றி, அதற்குக் கிடைக்கும் டிஓஐ என்ற நிரந்தர அடையாள எண்ணைக் கட்டுரையில் கொடுத்தால் வேலை முடிந்தது. சுருக்கம் 300 சொற்களைத் தாண்டக் கூடாது. களப்பணிக்கு யார் அனுமதி கொடுத்தார்கள் என்பதை முறைப் பகுதியிலேயே எழுத வேண்டும், எனவே வனத்துறைக் கடிதத்தைத் தேடி எடுத்து வைத்துக்கொள்வது நல்லது. படங்களைத் தனித்தனி டிஃப் கோப்புகளாக, அங்குலத்துக்கு 300 முதல் 600 புள்ளி வரை அடர்த்தியோடு தர வேண்டும். வேர்டு கோப்புக்குள் ஒட்டிய படத்தைத் திரும்ப எடுத்து அனுப்புவதில் பயனில்லை. சேமிக்கும்போதே வேர்டு வழக்கமாக அதைச் சுருக்கிவிடுகிறது. படத்தின் மூலக் கோப்பு தனியாக இருக்கட்டும்.

இனி பணம். ப்ளோஸ் ஒன் வாசகரிடம் வாங்காததைக் கட்டுரையாளரிடம் வாங்குகிறது. இரண்டாயிரம் டாலர் என்று குறைத்துக் கணக்கிட்டாலே நம் பணத்தில் ஒன்றரை லட்சத்தைத் தாண்டுகிறது. 2023இல் உயர்த்தப்பட்ட இளநிலை ஆய்வு உதவித்தொகை மாதம் 37,000 ரூபாய் என்பதால், நான்கு மாதப் பணமும் போய், மேலும் கொஞ்சம் கைவிட்டுப் போகும். கட்டண உதவி கேட்கலாம், ஆனால் கட்டுரையைச் சமர்ப்பிக்கும்போதே கேட்டுவிட வேண்டும். ஏற்றுக்கொண்ட கடிதம் வந்த பிறகு கையைப் பிசைவதில் பயனில்லை. நெறியாளரின் திட்டநிதியில் இதற்கென்று ஒதுக்கீடு இல்லையென்றால் இந்தக் கதவைத் தட்டவே வேண்டாம் என்பேன். கோவை இதழில் இந்த அளவுச் சுமை இல்லை. இருந்தாலும் அன்றைய நிபந்தனைகளை அதன் தளத்தில் பார்த்துக்கொள்வது முறை.

ஈலைஃப் 2012இல் தொடங்கிய இதழ். 2023 தொடக்கத்திலிருந்து, மதிப்பீட்டுக்கு எடுத்துக்கொண்ட கட்டுரையை ஏற்பது, மறுப்பது என்ற வழக்கத்தையே அது கைவிட்டது. மதிப்பீட்டுக்கு எடுப்பதா என்று பதிப்பாசிரியர்கள் முதலில் முடிவு செய்கிறார்கள். எடுத்துவிட்டால் கட்டுரை எப்படியும் வெளியாகும், மதிப்பீட்டாளர்களின் கருத்துகளும் ஒரு மதிப்புரையும் அதோடு சேர்ந்தே வெளியாகும். அந்த மதிப்புரையில் முக்கியத்துவத்துக்கு ‘மைல்கல்’ முதல் ‘பயனுள்ளது’ வரை ஐந்து படிகள், சான்றின் வலிமைக்கு ‘அசாதாரணமானது’ முதல் ‘போதாதது’ வரை ஆறு படிகள். திருத்திய வடிவத்தை வெளியிடுவதும், இதுவே இறுதி என்று நிறுத்திக்கொள்வதும் கட்டுரையாளர் விருப்பம். மூன்றில் நேர்மையான முறை இதுதான் என்று நினைக்கிறேன். மூடிய அறையில் மதிப்பீட்டாளர் சொன்னதை வாசகரும் பார்க்கலாம் அல்லவா?

நேர்மைக்கு அது விலையும் கொடுத்தது. மதிப்பீட்டில் தேறாத கட்டுரைகளும் வெளியாகின்றன என்று காரணம் காட்டி, 2024 இறுதியில் கிளாரிவேட் நிறுவனம் வெப் ஆஃப் சயன்ஸ் என்ற தன் ஆய்விதழ் அட்டவணையில் ஈலைஃபை முழுமையாகச் சேர்ப்பதை நிறுத்தியது. அந்த அட்டவணையை வைத்துக் கணக்கிடும் இம்பாக்ட் ஃபேக்டரும் போயிற்று. இந்தியாவில் நேர்முகத் தேர்வுக் குழு அந்த எண்ணைக் கேட்கும்போது, புதிய முறையின் தத்துவத்தை விளக்கிக்கொண்டிருக்க இளம் ஆய்வாளருக்கு நேரம் கிடைக்காது. மதிப்பீட்டுக்கு எடுத்தால் அங்கும் கட்டணம் உண்டு, புதிய முறை தொடங்கியபோது 2,000 டாலர். வேலை நிரந்தரமான பேராசிரியர்கள் அங்கே போகட்டும். அவர்கள் போனால்தான் இந்த முறை நிலைக்கும்.

2022 விதிமுறைகளில், ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன் கட்டுரை வெளியிட்டாக வேண்டும் என்ற கட்டாயத்தைப் பல்கலைக்கழக மானியக் குழு எடுத்துவிட்டது. எந்த இதழ் ஏற்கத்தக்கது என்று சொன்ன கேர் பட்டியலையும் 2025 பிப்ரவரியில் கைவிட்டது. இனி அந்தந்தப் பல்கலைக்கழகம் வைத்ததே சட்டம். ஆகவே இதழைத் தேர்வதற்கு முன் சொந்தப் பல்கலைக்கழகத்தின் சுற்றறிக்கையை வாசித்துவிடுங்கள், அதில் ஸ்கோபஸ் என்ற ஆய்விதழ் அட்டவணையில் உள்ள இதழ் என்றிருந்தால் ஸ்கோபஸ்தான்.

மதிப்பீட்டுக்கு முந்தைய வரைவைப் பயோஆர்க்கைவ் தளத்தில் முன்பதிப்பாக ஏற்றுவது இந்த மூன்றுக்கும் போட்டி இல்லை. மதிப்பீடு இல்லாவிட்டாலும் சில நாட்களில் டிஓஐ கிடைக்கும், முதலில் சொன்னது நீங்கள்தான் என்பது பதிவாகிவிடும். ஒரே ஓர் எச்சரிக்கை: கட்டுரையில் புதிய இனத்துக்குப் பெயர் சூட்டியிருந்தால் ஏற்றாதீர்கள். விலங்குப் பெயரிடல் விதிகளின்படி முறையாக வெளியிடும் முன் பெயர் வெளியே உலாவுவது பிற்பாடு தலைவலி.

எழுதும் கருவியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். சமன்பாடுகள் நிறைந்த கட்டுரைக்கு லாடெக், தும்பிக் கட்டுரைக்கு வேர்டு. உடன் எழுதுபவர்கள் வரிக்கு வரி திருத்துவது வேர்டில்தான். மேற்கோள்களைச் சேர்த்து ஒழுங்குபடுத்தும் மென்பொருள்களில், 2013 முதல் எல்சவியர் பதிப்பகத்தின் கையிலுள்ள மெண்டலியை விட, இலவசமான ஸொடெரோவே எனக்குப் பிடிக்கும். ஆனால் கட்டுரைத் தலைப்பில் வரும் உயிரியல் பெயர்களுக்கு அது தானாகச் சாய்வெழுத்து போடாது. தலைப்புப் பெட்டியில் குறிகளைக் கைப்பட இட வேண்டும். இனப்பெயர் நேரெழுத்தில் நிற்கும் மேற்கோள் பட்டியல் வகைப்பாட்டு மதிப்பீட்டாளரின் கண்ணில் உடனே குத்தும்.

இந்த ஆய்வாளருக்கு என் யோசனை: கட்டுரையை இரண்டாகப் பிரிக்கலாம், ஆனால் தரவு ஒன்றே என்பதை இரண்டிலும் வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும். இனப்பட்டியலும் புதிய பதிவுகளும் கோவைக்கு. நிதி கிடைத்தால் நீர்த்தன்மைப் பகுப்பாய்வு ப்ளோஸ் ஒன்னுக்கு. நிதி இல்லையென்றால் கட்டணம் கேட்காத ஓர் அறிவியல் கழகத்தின் இதழுக்கு.

ப்ளோஸ் ஒன் பயன்படுத்தும் எடிட்டோரியல் மேனேஜர் தளத்தில் கோப்புகளை எல்லாம் ஏற்றி முடித்ததும் கட்டுரை போய்ச் சேர்ந்துவிடாது. தளம் எல்லாவற்றையும் சேர்த்து ஒரு பிடிஎஃப் உருவாக்கும். அதைத் திறந்து, படங்கள் இடம் மாறாமல் இருக்கின்றனவா என்று பார்த்து, ஒப்புதல் பொத்தானை அழுத்திய பிறகே அது இதழின் கணக்கில் ஏறும். அழுத்தாமல் விட்டால், கட்டுரை உங்கள் பக்கத்திலேயே வாரக்கணக்கில் கிடக்கும், நீங்களோ பதிப்பாசிரியரின் பதிலுக்குக் காத்திருப்பீர்கள்.