மாடி வீட்டுப் பூனைக்கு வலை அடித்த பல்கனி: மன்னார் வீதி வெல்டிங் கடையின் வேலை

வவுனியா குருமன்காட்டில் கடைகளுக்கு மேலே, இரண்டாம் மாடியில் வாடகைக்கு இருக்கிறோம். முற்றம் கிடையாது. எங்கள் சீனிக்கு (மூன்று நிறப் பெட்டைப் பூனை) காற்றும் வெயிலும் கிடைக்கட்டும் என்று, மன்னார் வீதியில் யன்னல் கிறிலும் கேற்றும் அடிக்கிற ஒரு கடையில் பல்கனியைச் சுற்றி வலை அடைப்புச் செய்வித்தேன். ஒரு மாரியையும் ஒரு கச்சான் காற்றுக் காலத்தையும் அது தாங்கிய பிறகுதான் எழுதுகிறேன். வன்னியில் மாடி வீட்டில் பூனை வளர்ப்பவர்கள் தாராளமாகக் காசு போடலாம். ஆனால் என்ன வேண்டும் என்பதை நீங்கள்தான் சொல்லிச் செய்விக்க வேண்டும். கடைக்காரருக்குக் கோழிக்கூடு தெரியும், பூனையின் புத்தி தெரியாது.

"பூனைதானே, திறந்து விடுங்கோவன்" என்று பலர் சொன்னார்கள். நான் ஆஸ்பத்திரியில் தாதி. விசர்நோய் அறிகுறி தொடங்கிவிட்டால் பிறகு காப்பாற்றுவது ஏறக்குறைய முடியாத காரியம். தெருநாயிடம் கடிபட்ட பூனை வீட்டுக்கு வந்து பிள்ளையைக் கடித்தால் அந்தப் பயம் நேரே வீட்டுக்குள் வந்துவிடும். வயல் வரம்புப் பக்கம் போனால் புடையன் பாம்பு, வீதிக்கு இறங்கினால் பஸ். வலை அடித்தாலும் சீனிக்கு விசர்நோய்த் தடுப்பூசி போட்டிருக்கிறேன். அதை யாரும் விட்டுவிட வேண்டாம்.

விழுகிற கதையும் இருக்கிறது. பூனை எங்கிருந்து விழுந்தாலும் காலில் நிற்கும் என்ற நம்பிக்கை எங்கள் ஆட்களிடம் பலம். நியூயோர்க்கில் மாடிகளிலிருந்து விழுந்து வைத்தியத்துக்குக் கொண்டுவரப்பட்ட 132 பூனைகளைப் பற்றி 1987இல் வெளிவந்த ஆய்வு ஒன்று உண்டு. அவற்றில் 90 வீதமானவை பிழைத்தன. அதைக் கேட்டு ஆறுதல்படுகிறவர்கள், அந்த இடத்திலேயே செத்தவை அந்தக் கணக்கில் வரவில்லை என்பதையும் யோசிக்க வேண்டும். பிழைத்தவற்றிலும் நெஞ்சுக்குள் அடிபட்டவை, தாடை உடைந்தவை ஏராளம். இரவு பத்து மணிக்கு அப்படியொரு பூனையைத் தூக்கிக்கொண்டு இங்கே எங்கே ஓடுவது?

இனி வேலை. எங்கள் பல்கனி 9 அடி நீளம், 4 அடி அகலம். மேலே பாதிக்குத்தான் கொங்கிறீற் தட்டு, மிச்சம் வானம். கடையில் முதலில் சொன்ன விலையில் மேல்பக்கம் சேரவில்லை. "மேலால எங்க அக்கா போகப் போகுது?" என்றார் கடைத் தம்பி. நிமிர்ந்து நிற்கிற வலை பூனைக்கு ஏணி. மேல்பக்கம் மூடாத அடைப்பைச் செய்து தந்தால் வாங்காதீர்கள்.

வலைக் கண் 1 அங்குலம். 2 அங்குலக் கண் மலிவுதான், ஆனால் குட்டியின் தலை போகும், தலை போனால் உடம்பும் பின்னால் போகும். அறுகோணக் கண் வைத்த மெல்லிய கோழி வலையும் வேண்டாம், அது வளையும், துருப்பிடிக்கும். நைலோன் வலை பார்வைக்கு அழகு. குரங்குகள் கூரைக்குக் கூரை பாய்கிற ஊரில் அது எத்தனை நாளைக்கு?

சட்டம் 1 அங்குல பொக்ஸ் பார் (உள்ளே வெற்றான சதுர இரும்புக் குழாய்). வாடகை வீடு என்பதால் துண்டு துண்டாகச் செய்து நட்டுப் போட்டு இணைக்கச் சொன்னேன். வீடு மாறும்போது கழற்றி ஏற்றலாம். வீட்டுக்கார அம்மா சுவரில் நிறையத் துளை போடக் கூடாது என்றா. அதையும் கவனமாகச் செய்து தந்தார்கள்.

குறையென்றால் இரண்டு. சொன்ன நாளில் வரவில்லை. தைப்பொங்கலுக்கு முன்னால் எல்லாரும் கேற்றுக்குப் போய் நிற்பார்கள், அப்போது ஓடர் கொடுக்காதீர்கள். மற்றது பெரிது: வலையின் வெட்டு முனைகளை உள்பக்கம் அப்படியே விட்டிருந்தார்கள். பூனை உரசினால் கிழிக்கும். கூப்பிட்டுக் காட்டியவுடன் கடை முதலாளி அண்ணை தானே வந்தார், முகம் சுழிக்கவில்லை. அவர் கண்ட வழி எனக்கு மிகவும் பிடித்தது. வலையைச் சட்டத்தோடு வெல்டிங்கில் ஒட்டாமல், உள்பக்கம் வைத்து, அதன் மேல் தட்டை இரும்புப் பட்டியை வைத்து றிவிற் அடித்தார். முனை மறைந்தது. பூனை தள்ளினாலும் வலை சட்டத்தில்தான் போய் அழுந்தும். நாகம் (சிங்க்) பூசிய கம்பியை வெல்டிங் செய்தால் அந்த இடத்தில் பூச்சு எரிந்து, அங்கிருந்துதான் துரு தொடங்கும். அதுவும் தவிர்ந்தது. அந்த நாகப் புகையை மூச்சில் இழுக்கிற கடைப் பிள்ளைகளுக்கு இரவில் காய்ச்சலும் குளிரும் வரும். முகமூடி இல்லாமல், வெறும் கறுப்புக் கண்ணாடியோடு நின்ற அந்தத் தம்பிக்காகவும் எனக்கு நிம்மதியாக இருந்தது. நீங்கள் செய்விக்கும்போதும் றிவிற் வேலையாகவே கேளுங்கள்.

வலை, இரும்பு, கூலி, கொண்டுவந்து பூட்டியது எல்லாம் சேர்த்து 46,000 ரூபா. சின்னக் காசு இல்லை. மார்புப் பட்டியும் கயிறும் போட்டு வெளியே கூட்டிப்போவது மலிவு என்று யாராவது சொல்வார்கள். நானும் இதற்கு முன் இணையத்தில் அவற்றை வாங்கினேன். பட்டி இறுக்கமாக இருந்தாலும் பயந்த பூனை பின்பக்கமாக நழுவிக் கழன்றுவிடும். கீழே மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டவுடன் சீனி செய்ததும் அதுதான், நல்லகாலம் படிக்கட்டுக்குள் நடந்தது. ஆளில்லாத வளவுக்குப் பட்டி சரி, குருமன்காட்டுக்குச் சரிவராது.

மேற்குப் பார்த்த பல்கனி என்றால் நிழலுக்குத் தனியாக யோசியுங்கள். மத்தியானம் திரும்பினால் இரும்பு தொட முடியாமல் சுடும். தகரம் வேண்டாம், சூட்டை உள்ளே இறக்கும். நான் மேலே பாதிக்குக் கிடுகு கட்டினேன். பக்கத்துக்கு, நாற்றுமேடைக்குப் போடுகிற பச்சை நிழல் வலை. தண்ணீர்ச் சட்டி எப்போதும் நிழலில். அலரி, கற்றாழைச் சட்டிகளை எடுத்துவிட்டேன், இரண்டும் பூனைக்கு நஞ்சு. பதிலுக்குக் குப்பைமேனி. அதன் வேரைப் பிடுங்கிக் கொடுத்தால் சீனி உருண்டு புரளுகிற புளுகத்தைப் பார்க்க வேண்டும்.

முன்பெல்லாம் விடியப்புறம் கதவைக் கீறிக் கத்துவாள். பூனைக்கு உசார் வருகிற நேரம் விடியலும் கருக்கலும்தான். இப்போது சமையலறை யன்னலால் தானே பல்கனிக்குப் போய், பலகையில் ஏறி, வயரில் இருக்கும் மைனாவைப் பார்த்துப் பல்லைக் கடகடவென்று அடிக்கிறாள். மைனாவுக்கும் பயமில்லை, இரவு டியூட்டி முடித்து வந்த எனக்கும் நித்திரை.

அடுத்து, ஒரு பக்கத்துத் துண்டுக்குப் பிணைச்சல் போட்டுக் கதவாக்கித் தரக் கேட்டிருக்கிறேன். வெளிப்பக்கத் தூசியைத் துடைக்க இப்போது நட்டுக் கழற்ற வேண்டியிருக்கிறது. புதிதாகச் செய்விப்பவர்கள் அந்தக் கதவை முதலிலேயே கேட்டுவிடுங்கள். மாரி தொடங்க முன்னம் வேலை முடிந்தால் நல்லது.