‘ஆளுக்கு 19,999’ கப்பல் சுற்றுலா: முன்பணம் கொடுக்கும் முன் இதைப் படியுங்கள்

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கம் இப்போது கப்பல் சுற்றுலா பிளெக்ஸ் அதிகமாகத் தொங்குகிறது. ‘குடும்பத்தோடு சொகுசுக் கப்பல், ஆளுக்கு வெறும் 19,999, பிள்ளைகளுக்குப் பாதி.’ அதைப் பார்த்துப் பணம் கட்டி, கிறிஸ்துமஸ் முடிந்த கையோடு கொச்சியிலிருந்து லட்சத்தீவுப் பக்கம் போய்வந்தோம். நான், வீட்டுக்காரர், பிளஸ் டூ படிக்கும் மகள், ஒன்பதாம் வகுப்பு மகன். கப்பலில் எங்களுக்குப் பெரிய குறை இல்லை. குறை எல்லாம் இடையில் நின்று விற்ற ஏஜெண்ட் மேல்தான். புகார் போயிருப்பதால் பெயரைப் போடவில்லை. ஆனால் அவர் செய்த வேலை எப்படி நடந்தது என்று தெரிந்தால், வேறு யார் அதைச் செய்தாலும் உங்களுக்குப் பிடிபட்டுவிடும்.

கடைச் சுவர் முழுக்க ஒரு கப்பல் படம், மேலே கலர் கலராகத் தண்ணீர் சறுக்குகள். என் மகன் பார்த்ததுமே, “அங்கிள், இது ஐகான் ஆஃப் த சீஸ் இல்லியா? அது மியாமியிலிருந்துதானே போகும்?” என்று கேட்டான். உண்மைதான். 2024 ஜனவரியில் ஓடத் தொடங்கிய, 20 தளம் உள்ள அந்தக் கப்பலுக்கும் கொச்சிக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. ஏஜெண்ட் அசரவில்லை. “அது மாடலுக்கு வச்ச படம் மக்களே, நம்ம கப்பலும் இதுபோலத்தான் இருக்கும்” என்று சிரித்துக்கொண்டே எங்களுக்கு டீ சொன்னார். நாங்கள் ஏறிய கப்பலில் ஒரு சறுக்கும் கிடையாது. எந்தக் கப்பல் என்று பெயரை எழுதி வாங்குங்கள். பெயர் கிடைத்தால் தளம் எத்தனை, என்னென்ன வசதி என்று பிள்ளைகளே அஞ்சு நிமிஷத்தில் தேடிச் சொல்லிவிடுவார்கள்.

சரி, கணக்குக்கு வருவோம். பெரியவர்கள் இரண்டு பேர், பாதிக் கட்டணத்தில் பிள்ளைகள் இரண்டு பேர், மொத்தம் 60,000 என்று பேசினார். எல்லோருக்கும் ஒரே அறை, கடல் பார்த்த ஜன்னல், சாப்பாடு, வைஃபை எல்லாம் அடக்கம். ஓணத்தின்போது 40,000 முன்பணம் கொடுத்தோம். பணம் போனது அவர் மனைவியின் சொந்த ஜிபே எண்ணுக்கு. ரசீது என்று தந்தது ரப்பர் ஸ்டாம்ப் குத்திய ஒரு வெள்ளைத் தாள், ஜிஎஸ்டி எண் இல்லை. நவம்பர் கடைசியில் போன் வந்தது. துறைமுகக் கட்டணம், சேவைக் கட்டணம், வரி, அப்புறம் பிள்ளைகளுக்குப் பாதி கிடையாதாம், பேசிய 60,000 போக இன்னும் 34,000 வேண்டும். வேண்டாம் என்றால் முன்பணம் திரும்பாது. தீவில் இறங்கிச் சுற்றிப் பார்க்கத் தனியாக 12,000. ஆக 1,06,000.

பதின்வயதுப் பிள்ளைகள் உள்ள குடும்பம் இந்த இடத்தில்தான் கவனிக்க வேண்டும். சிறுவர் சலுகை என்று கப்பல்காரர்கள் கொடுப்பது பெரும்பாலும் சின்னப் பிள்ளைகளுக்குத்தான். பதிமூன்று, பதினாலு வயதாகிவிட்டால் கணக்கில் அவர்களும் பெரியவர்களே. அதனால் ‘பிள்ளைகளுக்குப் பாதி’ என்று யாராவது சொன்னால் உங்கள் பிள்ளைகளின் பிறந்த தேதியைக் கொடுத்து, அந்தத் தேதிக்கு என்ன கட்டணம் என்று எழுத்தில் கேளுங்கள். இன்னொன்று, விளம்பரத்தில் வரும் ஆள்கணக்கு விலை, ஒரு அறையில் இரண்டு பேர் தங்குவதாக வைத்து, வரியும் துறைமுகக் கட்டணமும் சேர்க்காமல் போடுவது. அதே அறையில் சுவரிலிருந்து இழுத்துப் போடும் மேல்படுக்கையில் படுக்கிற மூன்றாவது, நாலாவது ஆளுக்குத்தான் பல கப்பல்களில் கட்டணம் குறையும். நாலு பேர் குடும்பத்துக்கு உண்மையான மலிவு அந்த நாலு படுக்கை அறைதான். ஆனால் எந்தக் கப்பலிலும் அது கொஞ்சம்தான் இருக்கும், பள்ளி விடுமுறை என்றால் முதலில் காலியாவதும் அதுதான்.

எங்கள் ஏஜெண்ட் என்ன செய்தார் என்பது பிறகு தெரிந்தது. ஓணத்துக்கு வாங்கிய பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு, விலை இறங்கும் என்று காத்திருந்திருக்கிறார். கப்பல் கம்பெனியில் எங்கள் பெயர் பதிவானது கப்பல் புறப்படுவதற்கு முந்தைய வாரம். அதற்குள் நாலு படுக்கை அறை எல்லாம் தீர்ந்துவிட்டது.

அதிகாலைப் பரசுராம் ரயிலில் ஏறி எர்ணாகுளம் போய், அங்கிருந்து வெலிங்டன் தீவுக்கு டாக்சி பிடித்தோம். கப்பல் முனையக் கவுண்டரில் எங்களுக்குக் கொடுத்த அட்டைகளில் இரண்டு வேறு அறை எண்கள், இரண்டு வேறு தளங்கள். பிள்ளைகளை மட்டும் ஒரு அறையில் விட முடியாது என்று அங்கிருந்த பெண் தன்மையாகச் சொன்னார். நானும் மகளும் ஒன்றில், வீட்டுக்காரரும் மகனும் இன்னொன்றில். எங்கள் அறையில் கட்டிலுக்கு மேலே அழகான திரைச்சீலை தொங்கியது. ‘ஜன்னல் இருக்கு அம்மா’ என்று மகள் ஓடிப்போய் இழுத்தாள். பின்னால் இருந்தது ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி. விளக்கை அணைத்தால் பகலா இரவா என்று தெரியாது. உள்அறை என்றால் அப்படித்தான், அதுவே கப்பலில் மலிவான வகை. உள்அறை என்று சொல்லியே விற்றிருந்தால் நாங்கள் சந்தோஷமாகவே எடுத்திருப்போம், தூங்கத்தானே அறை. ஜன்னல் அறை என்று சொல்லிப் பணம் வாங்கிவிட்டு இதைக் கொடுத்ததுதான் வயிற்றெரிச்சல்.

வைஃபையும் அடக்கம் இல்லை. ஒவ்வொரு போனுக்கும் தனிக் கட்டணம், அதுவும் நம்ம ஊர் டேட்டா விலையில் பழகியவர்களுக்கு நெஞ்சு அடைக்கும் கட்டணம். கரை மறைந்த கொஞ்ச நேரத்தில் சிக்னல் போய்விட்டது. போனைக் கட்டாயம் ஏரோப்ளேன் மோடில் போடுங்கள். கப்பலுக்கென்று இருக்கும் செயற்கைக்கோள் நெட்வொர்க்கில் தானாக இணைந்துவிட்டால் வருகிற பில் வேறு கதை. பிள்ளைகள் முதல் நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தார்கள், மறுநாள் எங்களோடு உட்கார்ந்து ரம்மி ஆடினார்கள். ஏஜெண்டுக்கு நன்றி சொல்ல வேண்டிய ஒரே விஷயம் அதுதான். சிறுவர் விளையாட்டு அறையில் மகனைச் சேர்க்கவில்லை, வயது தாண்டிவிட்டதாம். கேசினோ பக்கம் இரண்டு பேரையும் விடமாட்டார்கள். பதின்வயதுப் பிள்ளைகளுக்குக் கப்பலில் என்ன இருக்கிறது என்று கேட்காமல் பணம் கட்டாதீர்கள். நீச்சல் குளத்தில் இறங்க நீச்சல் உடைதான் வேண்டும், பருத்தி டீ-ஷர்ட் செல்லாது. சாப்பாடு தாராளம். வீட்டுக்காரர் மட்டும் தேங்காய் அரைத்த மீன்குழம்பு இல்லை என்று கடைசிவரை தயிர்சாதத்தோடு நின்றுவிட்டார்.

அடுத்தது தீவு. லட்சத்தீவில் பெரிய கப்பல் கரையை ஒட்டி நிற்காது. கடலில் நங்கூரம் போட்டு, சின்னப் படகில் ஆட்களை இறக்குவார்கள். அலை அதிகமாக இருந்தால் இறக்கமாட்டார்கள், அது கேப்டன் முடிவு. எங்களுக்கும் அப்படியே ஆனது. தூரத்தில் பச்சையாகத் தெரிந்த தென்னைமரங்களைப் பார்த்துவிட்டுத் திரும்பினோம். இதில் யார் மேலும் கோபம் இல்லை. 2017-இல் ஒக்கி புயல் வந்தது எந்த மாதக் கடைசியில் என்று நம்ம ஊர்க்காரருக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம், கடல் சொன்னால் கேட்டுத்தான் ஆக வேண்டும். ஆனால் தீவுச் சுற்றுலா ரத்தானதற்கான பணத்தைக் கம்பெனி திருப்பிக் கொடுத்திருக்கிறது. யாருக்கு? புக்கிங் செய்து பணம் கட்டியவரின் கணக்குக்கு. அதாவது ஏஜெண்டுக்கு. ஊருக்கு வந்து கேட்டபோது, “அப்படி ஒண்ணும் வரல்லியே சாரே” என்று வீட்டுக்காரரிடம் சாதித்தார்.

அப்புறம்தான் புக்கிங் எண்ணை வைத்துக் கம்பெனிக்கு மெயில் போட்டேன். வந்த பதிலில் எல்லாம் இருந்தது. இரண்டு உள்அறை, வரி உட்பட 78,600. தீவுச் சுற்றுலாவுக்கு 9,200, அது திருப்பிச் செலுத்தப்பட்ட தேதியும் இருந்தது. நாங்கள் கொடுத்தது 1,06,000. ஏஜெண்ட் கமிஷன் வாங்கட்டும், அது அவர் தொழில், கம்பெனியே கொடுப்பதும் உண்டு. அதற்கு மேல் 18,200 ரூபாயை ‘போர்ட் சார்ஜ்’ என்று பெயர் வைத்து எடுத்தது எந்தத் தொழிலில் சேர்த்தி?

ஆகவே முன்பணம் கொடுத்த அன்றே கப்பல் கம்பெனியின் புக்கிங் எண்ணை வாங்குங்கள். ஏஜெண்ட் தன் கம்ப்யூட்டரில் அடித்துத் தரும் வவுச்சர் எண் அதில் சேராது. அந்த எண்ணை வைத்து நீங்களே கம்பெனிக்கு போன் செய்து பெயர்கள், அறை வகை, எத்தனை படுக்கை, கட்டிய தொகை, ரத்து செய்தால் எவ்வளவு பிடிப்பார்கள் எல்லாவற்றையும் கேளுங்கள். ‘குரூப் புக்கிங், எண் கடைசியில்தான் வரும்’ என்று இழுத்தால் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள்.

இதே கடையில் என் நாத்தனாருக்கு சிங்கப்பூர் கப்பல் பேக்கேஜும் பேசியிருந்தார்கள், திருவனந்தபுரத்திலிருந்து சிங்கப்பூருக்கு விமானம், அங்கிருந்து கப்பல். சிங்கப்பூரிலிருந்து கிளம்பி மறுபடி சிங்கப்பூருக்கே வரும் கப்பல் என்றால் விசா இரண்டாவது முறை உள்ளே வருவதற்கும் செல்லுபடியாக வேண்டும். அதைப் பற்றி அந்தத் தாளில் ஒரு வரி இல்லை. நல்லவேளை, அவள் முன்பணம் கொடுக்கவில்லை.

கையைக் கடிக்காமல் லட்சத்தீவைப் பார்க்க நினைப்பவர்கள், லட்சத்தீவு நிர்வாகத்தின் சுற்றுலா அமைப்பான ‘ஸ்போர்ட்ஸ்’ கொச்சியிலிருந்து நடத்தும் ‘சமுத்திரம்’ பேக்கேஜையும் விசாரித்துப் பாருங்கள். அதில் கேளிக்கை கிடையாது, தீவுதான் முக்கியம். எந்த வழியில் போனாலும் தீவில் இறங்க நமக்கு அனுமதிச் சீட்டு வேண்டும், அதை யார் எடுத்துத் தருவார்கள் என்பதையும் முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள்.

எங்கள் புகார் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவாகியிருக்கிறது. ஏஜெண்டுக்குப் பதிவுத் தபாலில் நோட்டீஸ் போயிருக்கிறது. பதில் வராவிட்டால் நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையம்தான். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் அங்கே கட்டணம் கிடையாது, வக்கீல் இல்லாமலும் மனு கொடுக்கலாம், நுகர்வோர் புகார்களுக்கான இ-ஜாக்ரிதி இணையதளத்தில் வீட்டிலிருந்தே பதியவும் வழி உண்டு. சம்பவம் நடந்து இரண்டு வருஷத்துக்குள் போக வேண்டும். ஜிபே ஸ்கிரீன்ஷாட், வாட்ஸ்அப் பேச்சு, அந்த வெள்ளைத் தாள், பிளெக்ஸ் போட்டோ எல்லாவற்றையும் எடுத்து வைத்திருக்கிறேன். நீங்களும் எதையும் அழிக்காதீர்கள்.

பொங்கல் விடுமுறைக்கு ‘இன்னொரு பேட்ச்’ போகிறது என்று அவர் ஸ்டேட்டஸ் போட்டிருப்பதாகக் கேள்வி. ஐகான் கப்பல் படம் ஒட்டிய கடையில் யாராவது பணம் கட்டியிருந்தால், இன்றைக்கே கம்பெனியைக் கூப்பிட்டு உங்கள் பெயரில் புக்கிங் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லை என்று வந்தால் எனக்குத் தகவல் அனுப்புங்கள், மாதிரி நோட்டீஸ் என்னிடம் இருக்கிறது, தருகிறேன்.