டெம்பரேச்சர் முள் நடுவில் நின்றால் போதுமா? டீசல் பிக்கப்பில் சூடும் ஃபேன் சத்தமும்

டெம்பரேச்சர் முள் நடுவில் நின்றால் இன்ஜின் சரியான சூட்டில் இருக்கிறது என்றுதான் பலரும் நினைக்கிறோம். ஆனால் இப்போதைய பிக்கப் பலவற்றில் இன்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட் 80 டிகிரியில் இருந்தாலும், 100-ஐத் தொட்டாலும் முள் அதே இடத்தில் நிற்கும். மீட்டரையே அப்படித்தான் அமைத்திருக்கிறார்கள். அந்த முள் நடுவைத் தாண்டி நகரும்போது விஷயம் முற்றியிருக்கும்.

மலிவான வழி, ஸ்டியரிங் அடியில் இருக்கும் ஓபிடி சாக்கெட்டில் (வண்டியின் கம்ப்யூட்டர் தகவலைப் படிக்கும் இடம்) செருகும் புளூடூத் ரீடர். கூலன்ட் சூட்டைப் போனில் எண்ணாகவே பார்க்கலாம். இசுசு டி-மேக்ஸ், டொயோட்டா ஹைலக்ஸ் மாதிரி டீசல் பிக்கப்பில் சமதள ரோட்டில் 85 முதல் 95 வரை சாதாரணம். முழு லோடு, ஏசி, மே மாத வெயில், கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகள் எல்லாம் சேர்ந்தால் 100-ஐ எட்டலாம். மேடு முடிந்து சில நிமிடத்தில் 90 பக்கம் திரும்பினால் கவலையில்லை. 105-ஐத் தாண்டி இறங்காமல் நின்றால் ஏசியை அணையுங்கள். 110 என்றால் ஓரங்கட்டுவதுதான் சரி.

100 டிகிரியில் ஏன் கொதிப்பதில்லை என்றால், அழுத்தம்தான் காரணம். தண்ணீரோடு பாதிக்குப் பாதி கலந்த கூலன்ட், சுமார் 1 பார் அழுத்தம் பிடிக்கும் ரேடியேட்டர் மூடியோடு சேர்ந்து 125 டிகிரி வரை தாக்குப்பிடிக்கும். மூடியின் ரப்பர் இற்றுப்போனால் இந்தக் கணக்கு செல்லாது. ரேடியேட்டரையே மாற்றச் சொல்லும் முன் மூடியை மாற்றிப் பார்க்கலாம்.

அடுத்தது ஃபேன். இந்த வண்டிகளில் புல்லிக்கும் ஃபேனுக்கும் நடுவே விஸ்கஸ் கிளட்ச் இருக்கும், அதற்குள் சிலிக்கோன் எண்ணெய். ரேடியேட்டரைக் கடந்து வரும் காற்று சூடானால் முகப்பிலுள்ள சுருள் பட்டை வால்வைத் திறக்கும், எண்ணெய் பாய்ந்து ஃபேன் இறுகிப் பிடிக்கும். அது பார்ப்பது காற்றின் சூட்டை, கூலன்ட்டின் சூட்டை அல்ல. அதனால் போனில் எண் ஏறிச் சற்றுத் தாமதித்தே இரைச்சல் கேட்கும். மேட்டில் திடீரென்று லாரி மாதிரி உறுமினால் பயப்பட வேண்டாம், ஃபேன் தன் வேலையைச் செய்கிறது. காலையில் முதல் ஸ்டார்ட்டில் ஓரிரு நிமிடம் கேட்கும் இரைச்சலும் பழுதல்ல. இரவில் கிளட்ச்சுக்குள் வழிந்து தேங்கிய எண்ணெய், சுற்றச் சுற்றத் தன் அறைக்குத் திரும்பிவிடும். அரை மணி நேரம் ஓடியும், சமதளத்தில்கூட இரைச்சல் அடங்கவில்லை என்றால் கிளட்ச் இறுகிவிட்டது. டீசல் வீணாகும், இழுவையும் குறையும்.

எதிர்ப்பக்கம்தான் ஆபத்து, அதாவது கிளட்ச் பிடிக்காமலே போவது. இன்ஜினை அணைத்து, ஆறிய பின் ஃபேனைக் கையால் சுற்றுங்கள். லேசாகப் பிடித்து உடனே நிற்க வேண்டும். தடையே இல்லாமல் பல சுற்று ஓடினாலோ, கிளட்ச் நடுவில் எண்ணெய்க் கறை தெரிந்தாலோ, இறக்கை முன்பின்னாக நன்றாக ஆடினாலோ மாற்றுங்கள். எலக்ட்ரிக் ஃபேன் உள்ள வண்டியில் இந்தச் சோதனை வேண்டாம். சாவி எடுத்த பிறகும் அது சுற்றத் தொடங்கலாம், விரல் போய்விடும். அதில் ஏசி போட்டதும் ஃபேன் ஓடுகிறதா என்று பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். ஓடாவிட்டால் முதலில் ஃபியூஸ், ரிலே.

சூடு எப்போது ஏறுகிறது என்பதைக் கவனித்தால் பழுது எங்கே என்று ஊகிக்கலாம். டிராஃபிக்கில் ஏறி, பைபாஸில் 60 கிலோமீட்டர் வேகத்தில் இறங்கினால் ஃபேன், பெல்ட், ஃபேன் கவர் பக்கம் பாருங்கள். ரேடியேட்டர் வேலை முடிந்ததும் அந்தப் பிளாஸ்டிக் கவரை மாட்டாமலே வண்டியை அனுப்பும் பட்டறைகள் உண்டு. கவர் இல்லாத ஃபேன், ரேடியேட்டர் வழியே இழுக்காமல் பக்கத்திலிருக்கும் காற்றையே சுற்றிச் சுற்றி அடிக்கும். வேகத்திலும் மேட்டிலும் மட்டும் ஏறினால் அடைபட்ட ரேடியேட்டர், பாதி திறக்கும் தெர்மோஸ்டாட் (சூடானதும் கூலன்ட்டை ரேடியேட்டருக்கு விடும் வால்வு), தேய்ந்த வாட்டர் பம்ப் என்று பாருங்கள். முன் கிரில்லில் கூடுதல் விளக்கு, வலை, பெயர்ப்பலகை, ஆயுத பூஜை மாலை இருந்தால் முதலில் அவற்றைக் கழற்றுங்கள். ஏசி கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் இடையில் வைக்கோல் தூசும் பூச்சியும் அடைந்து கிடக்கும். இன்ஜின் பக்கமிருந்து முன்னோக்கி மெதுவான தண்ணீரில் கழுவ வேண்டும். பிரஷர் கன்னைக் கிட்டே பிடித்தால் தகடுகள் மடிந்துவிடும்.

நம்மூரில் ஓவர்ஹீட்டுக்கு நடக்கும் முதல் வைத்தியம் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவது. சுமார் 82 டிகிரியில் திறக்கும் அது இல்லாவிட்டால் இன்ஜின் சூடேறவே நேரமெடுக்கும், டீசல் குடிக்கும். ரேடியேட்டரைச் சுற்றிக்கொண்டு போகும் பைபாஸ் குழாயையும் மூடும் வகைத் தெர்மோஸ்டாட் என்றால் இன்னும் மோசம். கூலன்ட்டில் ஒரு பகுதி ரேடியேட்டருக்கே போகாமல் சுற்றி, லோடில் சூடு கூடும். கூலன்ட்டில் போர் தண்ணீர் கலப்பதும் அதே ரகம். உப்பு படிந்து குழாய்கள் அடையும். கலப்பதற்கு டிஸ்டில்டு வாட்டர் மட்டுமே ஊற்றுங்கள்.

காட் ரோட்டில் மூன்றாவது கியரில் 1,500 ஆர்பிஎம்மில் முக்குவதைவிட இரண்டாவதில் 2,300 நல்லது. பம்பும் ஃபேனும் இன்ஜின் வேகத்தைப் பொறுத்துத்தானே சுற்றுகின்றன.

எண் 110-ஐத் தொட்டு, ஆவியோ ஒழுக்கோ இல்லையென்றால் உடனே அணைக்காதீர்கள். நியூட்ரலில் 1,200 ஆர்பிஎம் வைத்து, ஹீட்டரை முழுச் சூட்டிலும் புளோயரை முழு வேகத்திலும் திறந்துவிடுங்கள். எண் இறங்கும். ஆவி வந்தாலோ, கூலன்ட் கொட்டினாலோ, ஓடிக்கொண்டிருந்த முள் திடீரென்று கீழே விழுந்தாலோ அந்த நொடியே அணையுங்கள். கூலன்ட் வற்றினால் சென்சார் காற்றில் தொங்கிக்கொண்டு பொய் சொல்லும். மேல் ஹோஸைத் தொட்டால் சுடாத அளவுக்கு ஆறிய பிறகே மூடியில் கை வைக்கலாம். கொதிக்கும் இன்ஜினில் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் சிலிண்டர் ஹெட் விரிசல் விடும்.