‘சரியாக’ என்றால் எவ்வளவு?

ராமநாதபுரம் கடற்கரையில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை ஒன்றில் வேலை பார்த்தபோது, ஷிப்ட் பதிவேட்டின் முதல் பக்கத்தில் நான் எழுதி ஒட்டிய வரி இது: “குளோரின் அளவு சரியாக இருப்பதை உறுதி செய்யவும்.” இரவு ஷிப்ட் ஆபரேட்டர் குடிநீர்க் கணக்கை நினைத்துக்கொண்டார், லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் எஞ்சியிருந்தால் சரி. நான் சொல்ல வந்ததோ மெம்பிரேனுக்குள், அதாவது உப்பைப் பிரித்தெடுக்கும் மெல்லிய சவ்வுக்குள், போகும் நீரைப் பற்றி. அங்கே குளோரின் துளியும் இருக்கக் கூடாது, பாலியமைடு என்ற பிளாஸ்டிக்கால் ஆன அந்தச் சவ்வைக் கெடுத்துவிடும். சில மாதங்களில் தண்ணீர் கரிக்கத் தொடங்கியது. தவறு பம்பில் இல்லை, என் பேனாவில்.

எழுத்தைச் சீராக்க மூன்று வழிகளை முயன்றேன்.

முதலாவது, கூகுள் இலவசமாகத் தரும் தொழில்நுட்ப எழுத்துப் பாடம். சின்ன வாக்கியம், யார் செய்வது என்பது தெரியும் வினை, ‘அது’ எதைக் குறிக்கிறது என்ற தெளிவு: இவற்றைப் பயிற்சியோடு கற்றுத்தருகிறது. எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் மென்பொருள் சார்ந்தவை, அதுவும் ஆங்கிலத்தில். தலைமை அலுவலகத்துக்கு அனுப்பும் என் மாத அறிக்கை பாதியாகச் சுருங்கியது. ஆலைக்குள் பெரிய பயன் இல்லை.

இரண்டாவது, விமானப் பராமரிப்புக் கையேடுகளுக்காக உருவான எளிய ஆங்கில விதிகள். செய்முறை வாக்கியத்தில் 20 சொற்களுக்கு மேல் கூடாது. ஒரு சொல்லுக்கு ஒரே பொருள். 20 என்ற கணக்கு தமிழுக்கு ஒத்துவராது. நாம் ஒரே சொல்லில் அரை வாக்கியத்தை அடைத்துவிடுவோம். ஆனால் ஒரு சொல், ஒரு பொருள் என்பது தங்கம். “வால்வைப் பார்க்கவும்” என்று எத்தனை முறை எழுதியிருக்கிறேன்! திறந்திருக்கிறதா என்று பார்ப்பதா, கசிகிறதா என்றா? பாம்பன் துறைமுகத்தில் ‘கவனமாக இருங்கள்’ என்று பலகை மாட்டுவதில்லை, எண் போட்ட புயல் கூண்டை ஏற்றுகிறார்கள். கரையில் நிற்பவருக்கு அந்த எண் போதும்.

மூன்றாவது வழிக்குச் செலவே இல்லை, கூச்சம்தான் அதிகம். எழுதியதை, அதன்படி வேலை செய்யப் போகிறவரிடம் கொடுத்து, அவர் செய்வதை வாய் திறக்காமல் பார்ப்பது. “புரிந்ததா?” என்று கேட்டால் “புரிந்தது சார்” என்றுதான் பதில் வரும், கேட்கவே கூடாது. என்னைத் தம்பி என்று அழைக்கும் மூத்த ஆபரேட்டர் ஒருவர் மட்டும் தயங்காமல் கேட்டார்: “தம்பி, சரியாக என்றால் எவ்வளவு?” பூஜ்யம் என்றேன். “அதை எழுத வேண்டியதுதானே?”

அலுவலகக் கடிதம் எழுதுகிறவர் முதல் வழியில் தொடங்கலாம். ஆலையிலும் படகுத்துறையிலும் இருப்பவர் மூன்றாவதில் தொடங்கி, பிறகு இரண்டாவதை எடுக்கட்டும்.

திருத்திய வரிகளை அந்த மூத்த ஆபரேட்டரிடம் கொடுத்தேன்: “மெம்பிரேனுக்கு முன் உள்ள குழாயில் மாதிரி எடுக்கவும். குளோரின் 0 காட்ட வேண்டும். சோதனையில் மஞ்சள் நிறம் வந்தால் உயரழுத்த பம்பை நிறுத்தி, என்னை அழைக்கவும்.”

படித்து முடித்துவிட்டு நிமிர்ந்தார். “நீங்கள் லீவில் இருந்தால், தம்பி?”